பால்புதுமையரின் மனநலம்: ஆய்வாளர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள்?

"அவங்களுக்குத்தான் டிப்ரெஷன் அதிகமாமே, தற்கொலை முயற்சியும் அதிகமாமே. அப்ப அது நோய்தானே?" தன் பிள்ளை தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று தெரியவந்த வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. தொலைக்காட்சி விவாதங்களிலும் எழுகிறது. சில நேரம் மருத்துவர்களே கேட்டுவிடுகிறார்கள். இதில் முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது தவறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவக்கூடாது என்று உலகம் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆராய்ச்சி தேவைப்பட்டது. அந்த ஆராய்ச்சி எப்படி நடந்தது, அதன் எண்களை எப்படிப் படிக்க வேண்டும், தமிழ்நாட்டில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் எண்கள். லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் கிங்கும் அவருடைய குழுவினரும் 2008-இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். 13,706 கட்டுரைகளைத் தேடி எடுத்து, தரம் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தபோது 25 ஆய்வுகள்தான் மிஞ்சின. அவர்கள் வைத்திருந்த நான்கு தர அளவுகோல்களிலும் தேறியது ஒரே ஒரு ஆய்வு. அந்த 25 ஆய்வுகளில் 2,14,344 எதிர்பாலீர்ப்பாளர்களும் 11,971 பிறரும் இருந்தார்கள். தன்பாலீர்ப்பு அல்லது இருபாலீர்ப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றநோயும் குறைந்தது ஒன்றரை மடங்கு கூடுதலாக இருந்தன. வாழ்நாளில் ஒருமுறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தார்கள்.

'ஒன்றரை மடங்கு' என்பதைக் கேட்டதும் பெரும்பாலோர் நோயாளிகள் என்று மனதில் பதிந்துவிடும். ஒரு கணக்குக்காக, பொதுமக்களில் 100 பேரில் 10 பேருக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு என்றால் 15 பேர். மீதி 85 பேர் நலமாகத்தான் இருக்கிறார்கள். அந்த 5 பேரின் வித்தியாசம் சிறியதல்ல, அது தவிர்த்திருக்கக்கூடிய துன்பம். ஆனாலும் 'இவர்கள் இப்படித்தான்' என்று ஒரு கூட்டத்தையே முத்திரை குத்த அந்த எண் இடம் தருவதில்லை. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் முக்கியம்.

அந்தக் கேள்விக்கு 1950-கள் வரை மனநல மருத்துவம் சொன்ன பதில், அது பிறவிக் கோளாறு அல்லது வளர்ப்புக் கோளாறு என்பது. ஆதாரமாகக் காட்டப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் சிக்கல் புரியும். மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள், சிறையில் இருந்தவர்கள், ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று கணக்கெடுப்பது போன்ற வேலை அது. மருத்துவரிடம் போகாமல், போலீஸிடம் சிக்காமல், வேலைக்குப் போய்க்கொண்டு வாழ்ந்தவர்கள் ஆய்வாளர்களின் கண்ணிலேயே படவில்லை.

அவர்களைத் தேடிப் போனவர் ஈவ்லின் ஹுக்கர். லாஸ் ஏஞ்சலஸில் உளவியல் கற்பித்தவர். 1940-களில் அவருடைய வகுப்பில் படித்த சாம் ஃப்ராம் என்ற மாணவர் தன் நண்பர்களை அவருக்கு அறிமுகப்படுத்தி, எங்களைப் போன்றவர்களை ஆராய வேண்டியது உங்கள் கடமை என்று வற்புறுத்தினார். தன்பாலுறவு அன்றைய கலிஃபோர்னியாவில் குற்றம். அமெரிக்க அரசு 1953-இல் தன்பாலீர்ப்பாளர்களை அரசு வேலையிலிருந்து நீக்க வழிசெய்யும் ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டில் ஹுக்கர் தேசிய மனநல நிறுவனத்திடம் ஆய்வு நிதி கேட்டார், கிடைத்தது.

சிகிச்சையில் இல்லாத 30 தன்பாலீர்ப்பு ஆண்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொருவருக்கும் வயது, அறிவுத்திறன் மதிப்பெண், படிப்பு மூன்றும் ஒத்துவரும்படி ஓர் எதிர்பாலீர்ப்பு ஆணைத் தேடிப் பிடித்தார். சந்திப்புகளைப் பல்கலைக்கழகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. யார் வருகிறார், போகிறார் என்று யாராவது பார்த்துவிட்டால் வந்தவரின் வேலையே போகும். தன் வீட்டுத் தோட்டத்தில் தனியாக இருந்த அறையில் அவர்களைச் சந்தித்தார். மைக்கறைப் படங்களில் என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை, படத்தைப் பார்த்துக் கதை சொல்லும் சோதனை, உருவ அட்டைகளை வைத்துக் காட்சி அமைக்கும் சோதனை என்று மூன்று சோதனைகளை எல்லோருக்கும் நடத்தினார். அந்தக் காலத்தில் ஒருவரின் மன ஆழத்தை அறிய இவற்றுக்கு மேல் கருவி இல்லை என்று நம்பினார்கள்.

பிறகு அவர் செய்ததுதான் ஆய்வின் உயிர். யாருடைய விடைத்தாள் எது என்பதை மறைத்துவிட்டு, துறையின் பெரிய வல்லுநர்கள் மூவரிடம் கொடுத்தார். ரோர்ஷாக் சோதனையில் அன்று முதலிடத்தில் இருந்த புரூனோ குளோப்ஃபர், மார்ட்டிமர் மேயர், எட்வின் ஷ்னைட்மன். இரண்டு குழுக்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சராசரி அல்லது அதற்கு மேலான மன ஒழுங்கோடு இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஜோடி ஜோடியாகத் தாள்களைக் கொடுத்து இதில் தன்பாலீர்ப்பாளர் யார் என்று கேட்டபோது, காசைச் சுண்டிப் போட்டால் எவ்வளவு சரியாக வருமோ அதைவிட மேலாக அவர்களால் சொல்ல முடியவில்லை. அந்த மூவரில் ஷ்னைட்மன்தான் அடுத்த ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

ஹுக்கரின் கட்டுரை 1957-இல் வெளிவந்தது. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது. இந்திய மனநல மருத்துவச் சங்கம் இது மனநோய் அல்ல என்று தெளிவாக நிலைப்பாடு எடுத்தது 2018-இல்.

இங்கே கவனமுள்ள வாசகர் ஒரு முரண்பாட்டைப் பிடிப்பார். ஹுக்கர் வித்தியாசமே இல்லை என்றார், கிங் ஒன்றரை மடங்கு என்கிறார். யார் சொல்வது சரி? இருவரும் சரி. அவர்கள் கேட்ட கேள்விகள் வேறு. ஒருவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதாலேயே மனம் பழுதானவரா என்று ஹுக்கர் கேட்டார். அதற்கு, நலமாக வாழும் சிலரைக் காட்டினாலே போதும். ஈர்ப்பும் நோயும் ஒன்றல்ல என்று நிரூபணமாகிவிடும். அவருடைய 30 பேர் எல்லோருக்குமான மாதிரி அல்லர், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் சிகிச்சைக்குப் போகாதவர்கள். கிங் தொகுத்த ஆய்வுகள் கேட்டதோ, ஒரு சமூகத்தில் மொத்தமாகப் பார்த்தால் துன்பம் யார் பக்கம் கூடுதலாக விழுகிறது என்பது.

இரண்டாவது கேள்வியைக் கேட்கவே ஆய்வாளர்கள் நெடுநாள் தயங்கினார்கள். கூடுதல் பாதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டால் 'பார்த்தீர்களா, நோய்தான்' என்று பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சம். அந்த அச்சம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் துன்பத்தை எண்ணாமல் விட்டால் உதவியும் வராது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் இலான் மேயர். வர்ஜீனியா புரூக்ஸ் 1981-இல் தன்பாலீர்ப்புப் பெண்களைப் பற்றி எழுதிய நூலிலேயே 'சிறுபான்மை அழுத்தம்' என்ற கருத்து இருந்தது. அதை மேயர் 1995-இலும் 2003-இலும் எழுதிய கட்டுரைகளில் சோதித்துப் பார்க்கக்கூடிய கோட்பாடாக வளர்த்தார்.

அவர் சொல்வது இதுதான். எல்லோருக்கும் வாழ்க்கையில் அழுத்தம் உண்டு: கடன், வேலை, நோய், இழப்பு. பால்புதுமையருக்கு, அதாவது தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோருக்கு, இவற்றோடு சேர்த்து, பெரும்பான்மையினருக்கு இல்லாத ஓர் அழுத்தமும் உண்டு. அதன் ஒரு பகுதி வெளியிலிருந்து வருவது. அடி, வசை, வேலை மறுப்பு, வீடு மறுப்பு. இன்னொரு பகுதி உள்ளுக்குள் ஓடுவது. அடுத்து யார் என்ன சொல்வார்களோ என்ற ஓயாத எச்சரிக்கை, தன்னை மறைத்துக்கொள்ளும் உழைப்பு, ஊர் சொன்ன இழிவைத் தானே நம்பத் தொடங்குவது.

மறைத்துக்கொள்வதில் என்ன அழுத்தம், சும்மா இருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். வீட்டு உரிமையாளரிடம் 'அக்கா தங்கச்சி' என்று சொல்லியாயிற்று. இனி இருவரின் சொந்த ஊரும் அப்பா பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஊரிலிருந்து அம்மா வருகிறார் என்றால் முந்தைய இரவே இரண்டாவது படுக்கை விரித்திருக்க வேண்டும், சுவரிலிருக்கும் படத்தைக் கழற்ற வேண்டும், கைப்பேசியில் பெயரை மாற்ற வேண்டும். அலுவலகத்தில் 'லீவுக்கு எங்கே போனே, யாரோட போனே' என்று சாதாரணமாகக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசிக்க வேண்டும். துணைக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 'நீங்க யாரு?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இதில் ஒன்றுகூடத் தாக்குதல் அல்ல, செய்தித்தாளில் வராது. ஆனால் இது நாள் தவறாமல் நடப்பது. உடம்பு இதைத் தாங்குவதற்கு ஒரு விலை கொடுக்கிறது. தூக்கம் கெடுகிறது, மனம் அமைதியின்றிப் பதறிக்கொண்டே இருக்கிறது.

மேயர் சொன்னதில் இன்னொன்றும் உண்டு, அது பல நேரம் விடுபட்டுப்போகிறது. தன்னைப் போன்றவர்களின் கூட்டம் கிடைத்தவருக்கு அழுத்தத்தின் கூர்மை மழுங்குகிறது. திருநங்கையரிடையே உள்ள அம்மா-மகள் உறவுமுறை பலரைத் தெருவில் விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

கோட்பாடு நன்றாக இருக்கிறது, நிரூபணம் எங்கே? அழுத்தம்தான் காரணமா, அல்லது ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு எல்லாமே ஒதுக்கலாகத் தெரிகிறதா? பிரித்தறிவது கடினம். மனிதர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவை இழிவுபடுத்திப் பார்க்கலாம் என்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. எனவே சமூகமே செய்துவிட்ட மாற்றத்தை ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு பெரிய தேசியக் கணக்கெடுப்பு ஒரே ஆட்களை இரண்டு முறை நேர்கண்டது. முதல்முறை 2001-02, இரண்டாம் முறை 2004-05. மொத்தம் 34,653 பேர். இந்த இடைவெளியில் பல மாநிலங்கள் ஒரே பாலினத்தார் திருமணத்தைத் தடைசெய்து தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தின. தேர்தல் மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் மாதக்கணக்கில் அதே பேச்சு. மார்க் ஹாட்ஸன்பியூலரும் குழுவினரும் 2010-இல் இந்தத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். தடை வந்த மாநிலங்களில் வாழ்ந்த தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளரிடையே மனநிலைக் கோளாறுகள் 22.7 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாக ஏறியிருந்தன. தடை வராத மாநிலங்களில் வாழ்ந்த அதே சமூகத்தினரிடம் அப்படிப்பட்ட ஏற்றம் இல்லை. தடை வந்த மாநிலங்களின் எதிர்பாலீர்ப்பாளரிடமும் அந்த அளவு ஏற்றம் இல்லை. அதே மனிதர்கள், அதே ஈர்ப்பு. மாறியது சுற்றியுள்ள சட்டமும் பேச்சும்தான்.

இதே ஆய்வில் பொதுவான பதற்றநோய் 248 விழுக்காடு அதிகரித்தது என்றும் ஓர் எண் வருகிறது. செய்தித் தலைப்புகளுக்குப் பிடித்த எண். அதற்குப் பின்னால் இருப்பது 2.7 விழுக்காடு 9.4 ஆனது என்ற தகவல். ஏற்றம் பெரிதுதான். ஆனால் தொடக்க எண் சிறிதாக இருந்தால் விழுக்காட்டுக் கணக்கு மலைபோல் தெரியும். எத்தனையிலிருந்து எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் இப்படிப்பட்ட எண்களை நம்ப வேண்டும். தவிர, 34,653 பேரில் தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் என்று தம்மைச் சொன்னவர்கள் அறுநூறுக்கும் குறைவு. பெரிய கணக்கெடுப்பிலும் சிறுபான்மையினர் சிறு எண்ணிக்கையில்தான் அகப்படுவார்கள். இந்தத் துறையின் தீராத தலைவலி இது.

எதிர்த்திசையிலும் ஓர் ஆய்வு உண்டு. ஜூலியா ரைஃப்மனும் குழுவினரும் 2017-இல் வெளியிட்டது. ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் 1999 முதல் 2015 வரையான தரவு. ஒரே பாலினத் திருமணத்தை ஏற்ற மாநிலங்களில், சட்டம் வந்த பிறகு மாணவர்களின் தற்கொலை முயற்சி 7 விழுக்காடு குறைந்திருந்தது. குறைவு பெரும்பாலும் பாலீர்ப்புச் சிறுபான்மை மாணவர்களிடையே நிகழ்ந்தது. அந்தப் பிள்ளைகள் திருமணம் செய்யும் வயதில் இல்லை. தாங்கள் வளர்ந்தால் தங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்ற சேதிதான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஒரு சறுக்கலையும் சொல்லியாக வேண்டும். வெறுப்பு மிகுந்த சூழலில் வாழும் பால்புதுமையரின் ஆயுள் ஏறக்குறைய 12 ஆண்டு குறைகிறது என்று ஹாட்ஸன்பியூலரின் குழு 2014-இல் ஒரு முடிவை வெளியிட்டது. உலகமெங்கும் அது மேற்கோள் காட்டப்பட்டது. வேறொருவர் அதே தரவை வைத்துக் கணக்கிட்டபோது அந்த முடிவு வரவில்லை. ஆசிரியர்கள் தங்கள் கணக்கை மறுபடி சோதித்து, தரவைக் குறியிடுவதில் பிழை நேர்ந்ததைக் கண்டுபிடித்து, திருத்தினால் அந்தத் தொடர்பு நிற்கவில்லை என்று அதே இதழில் ஒப்புக்கொண்டார்கள். இன்றும் இந்த 12 ஆண்டு எண்ணை யாராவது பகிர்ந்தால் நம்பாதீர்கள். நியாயமான வழக்குக்குத் தவறான சாட்சி தேவையில்லை. அது பிடிபடும்போது நல்ல சாட்சிகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகின்றன.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். எத்தனை பேருக்கு மனச்சோர்வு என்று சொல்ல, முதலில் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் என்ற இரண்டோடு 'பிற' என்ற மூன்றாவது விருப்பம் முதன்முதலாக வந்தது. இந்தியா முழுதும் 4,87,803 பேர் அதில் பதிவானார்கள், தமிழ்நாட்டில் 22,364 பேர். வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளருக்குக் குடும்பத் தலைவர் பதில் சொல்லும் முறையில், வீட்டுக்குள் இருக்கும் ஒரு திருநம்பி 'பெண்' என்றுதான் எழுதப்பட்டிருப்பார். வீட்டைவிட்டு வெளியேறிய திருநங்கை எந்த வீட்டுப் படிவத்திலும் இல்லாமல் போயிருப்பார். பாலீர்ப்பைப் பற்றிய கேள்வியோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இல்லை, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலைப் பட்டியலில் திருநர் என்ற பத்தி உண்டு, ஈர்ப்புக்கு இடமில்லை. வீட்டில் கட்டாயக் கல்யாணம் பேசியதால் உயிரை விட்ட பெண் 'குடும்பப் பிரச்சினை' என்ற தலைப்பில் அடங்கிவிடுவார். இதனால்தான் உலகெங்கும் ஆய்வுகள் தற்கொலை மரணங்களை அல்ல, உயிரோடு இருப்பவர் சொல்லும் எண்ணத்தையும் முயற்சியையும் அளக்கின்றன.

பட்டியல் இல்லாத மக்களை எப்படித் தேடுவது? டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997-இல் ஒரு முறையை வகுத்தார். சமூகத்துக்குள் நன்கு தொடர்புள்ள சிலரை முதலில் நேர்காணுவார்கள். முடிந்ததும் அவர் கையில் எண்ணிட்ட சீட்டுகள், பெரும்பாலும் மூன்று, கொடுப்பார்கள். அவர் தனக்குத் தெரிந்தவர்களிடம் கொடுக்கலாம். சீட்டோடு வருபவருக்கும் சிறு தொகை, அனுப்பியவருக்கும் சிறு தொகை. யாரும் யாருடைய பெயரையும் ஆய்வாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. 'உங்களுக்கு இதுபோல் எத்தனை பேரைத் தெரியும்?' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்வார்கள். நிறையப் பேரைத் தெரிந்தவர் சங்கிலியில் அகப்பட வாய்ப்பு அதிகம் என்பதால் அவருடைய பதிலுக்கு எடை குறைத்துக் கணக்குப் போடுவார்கள். இவ்வளவு செய்தாலும், யாரையுமே தெரியாமல் தனியாக வாழ்பவர் இந்தச் சங்கிலியில் வரவே மாட்டார். அவர்தான் ஒருவேளை எல்லோரையும்விடச் சோர்ந்திருப்பவர்.

இணையத்தில் தாமாக முன்வந்து பதில் சொல்வோரை வைத்து நடத்தும் ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் 2015-இல் 27,715 திருநர்கள் பங்கேற்ற கணக்கெடுப்பில் 40 விழுக்காட்டினர் வாழ்நாளில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னார்கள். அவ்வளவு பேர் சொன்னதை அலட்சியப்படுத்த முடியாது. அதேசமயம் தாமாக வந்தவர்கள் எல்லாத் திருநரையும் பிரதிபலிப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றும். அமெரிக்க இளம் ஆண்களிடம் 1995-இல் நடந்த ஒரு கணக்கெடுப்பில் ஒரு பகுதியினரிடம் காகிதப் படிவம் கொடுத்தார்கள். மறுபகுதியினர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கணினி கேட்கும் கேள்விக்குத் தாமே பொத்தானை அழுத்தினார்கள். ஆணோடு உறவு வைத்ததுண்டு என்று சொன்னவர்கள் காகிதத்தில் 1.5 விழுக்காடு, கணினியில் 5.5 விழுக்காடு. பக்கத்து அறையில் மாமியார் இருக்கும் வீட்டில் ஒரு பெண்ணிடம் வாய்விட்டு இதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு இடைஞ்சலுக்கு நடுவிலும் தமிழ்நாட்டில் நல்ல வேலை நடந்திருக்கிறது. கார்மென் லோகி, பீட்டர் நியூமன், வெங்கடேசன் சக்ரபாணி, முரளி சண்முகம் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு மேயரின் கோட்பாட்டைச் சென்னையிலும் கும்பகோணத்திலும் சோதித்தது. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், ஊருக்கு 100 பேர். இங்கே அவர்கள் கோட்பாட்டை அப்படியே இறக்குமதி செய்யவில்லை. யாரோடு உறவு என்பதைவிட, நடை, பேச்சு, கையசைவு 'ஆம்பளை மாதிரி இல்லை' என்பதற்காகத்தான் நம் தெருக்களில் முதல் கேலி விழுகிறது. பெண்மைச் சாயல் கொண்ட, கோத்தி என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களுக்கு இது பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடும். அந்த இழிவைத் தனியாகவும், எச்.ஐ.வி.யோடு ஒட்டிவரும் இழிவைத் தனியாகவும் அளந்தார்கள். இரண்டுமே மனச்சோர்வோடு தொடர்புடையவை என்று தெரிந்தது.

எச்.ஐ.வி. இதில் எப்படி வந்தது என்பது முக்கியமான கதை. இந்தியாவில் பால்புதுமையர் பற்றிய உடல்நல ஆய்வுகளில் பெரும்பங்கு எச்.ஐ.வி. தடுப்புக்கான நிதியில் நடந்தவை. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர் ஆகிய இரு பிரிவினரைப் பற்றியே நமக்கு ஓரளவு தெரிவதற்கு அதுதான் காரணம். தன்பாலீர்ப்புப் பெண்கள், இருபாலீர்ப்புப் பெண்கள், திருநம்பிகள், ஊடுபால் (இன்டர்செக்ஸ்) மக்கள் ஆகியோருக்கு 'தொற்று அபாயம்' என்ற தலைப்பு பொருந்தவில்லை, எனவே நிதியும் வரவில்லை, ஆய்வும் வரவில்லை. ஒருவருடைய துயரம் மற்றவருக்குத் தொற்றும் அபாயம் இருந்தால்தான் அளக்கப்படும் என்ற நிலை நியாயமற்றது. மேலைநாட்டு ஆய்வுகள் பலவற்றில் இருபாலீர்ப்பாளர்களின் மனநலம்தான் மற்றவர்களைவிட மோசமாக இருப்பதாகத் தெரிகிறது. இங்கே கல்யாணமாகி, பிள்ளைகளோடு வாழும் இருபாலீர்ப்பாளர்களைப் பற்றி ஆய்வாளர்களிடம் ஏறக்குறைய எதுவுமே இல்லை. சாதியும் இப்படியே. தலித் திருநங்கை ஒருவருக்கு வீடு மறுக்கப்படுவது எதனால் என்று பிரித்துச் சொல்ல, கேள்வித்தாளில் சாதி, பாலின அடையாளம் இரண்டுக்கும் இடம் இருந்தாக வேண்டும்.

கேள்வி கேட்பவருக்குப் பொறுப்பும் உண்டு. 'சாகலாம் போல் தோன்றியதுண்டா?' என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அது சரியல்ல என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் 'ஆமாம்' என்று பதில் வந்தால் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட முடியாது. அந்த நிமிடமே பேச ஓர் ஆலோசகர், இழிவுபடுத்தாத ஒரு மருத்துவர், இரவில் அழைக்க ஓர் எண் எல்லாம் ஆய்வு தொடங்குமுன்பே தயாராக இருக்க வேண்டும். இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த உதவி வேண்டியிருந்தால் டெலி-மனாஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இரண்டும் கட்டணமில்லாதவை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பாலீர்ப்பைக் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

காரணம் சுற்றுச்சூழலில் இருக்கிறது என்பதில் ஒரு நல்ல செய்தி உண்டு: அதை மாற்றலாம். மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. கெய்ட்லின் ரையன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, சான் ஃப்ரான்சிஸ்கோ பகுதியில் 21 முதல் 25 வயது வரையான, தன்பாலீர்ப்பு அல்லது இருபாலீர்ப்பு உள்ள 224 பேரிடம் அவர்களுடைய பதின்வயதில் வீட்டில் நடந்ததைக் கேட்டது. பொதுவாக 'வீட்டில் ஏற்றார்களா' என்று கேட்டுவிட்டு விடவில்லை. நண்பரை வீட்டுக்கு வரவிடாமல் தடுத்தார்களா, குடும்ப விசேஷத்துக்குக் கூட்டிப் போகாமல் விட்டார்களா, 'வெளியே சொல்லாதே' என்றார்களா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்டது. மிக அதிகமாக ஒதுக்கப்பட்டவர்களுக்கு, ஒதுக்கல் இல்லாத அல்லது குறைவான வீட்டில் வளர்ந்தவர்களைவிடத் தற்கொலைக்கு முயன்றிருக்க 8.4 மடங்கு வாய்ப்பு இருந்தது. நினைவிலிருந்து சொன்ன பதில்கள், சிறிய மாதிரி, அமெரிக்க வீடுகள் என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இது புறந்தள்ளக்கூடிய எண் அல்ல. பிள்ளை மீதுள்ள அக்கறையால்தான் பல பெற்றோர் இவற்றைச் செய்கிறார்கள் என்பதையும் ரையனின் குழு கண்டது.

ஸ்டீபன் ரஸ்ஸலும் குழுவினரும் 2018-இல் 129 திருநர் இளைஞர்களிடம் கேட்டது ஒரு சிறிய விஷயம். நீங்கள் தேர்ந்த பெயரால் எங்கெங்கே அழைக்கிறார்கள்? வீட்டில், பள்ளியில், வேலையில், நண்பர்களிடையே. அந்தப் பெயர் புழங்கும் இடம் ஒன்று கூடினால், தற்கொலை எண்ணம் 29 விழுக்காடு குறைவாக இருந்தது. இதற்கு மருந்தும் வேண்டாம், பணமும் வேண்டாம், வருகைப் பதிவேட்டில் ஒரு வரி போதும்.

மெக்சிகோ நகரில் ரெபெக்கா ரோப்லெஸ் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு நேராக அடிக்கேள்வியையே கேட்டது. 250 திருநர்களின் மனத்துயரத்தை முன்னறிவிப்பது எது, அவர்களுடைய பாலின அடையாளமா, அவர்கள் பட்ட ஒதுக்கலும் வன்முறையுமா? 76 விழுக்காட்டினர் ஒதுக்கலையும் 63 விழுக்காட்டினர் வன்முறையையும் சந்தித்திருந்தார்கள். துயரத்தோடு பிணைந்திருந்தவை அவைதான், அடையாளம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற புதிய நோய்வகைப் பட்டியலில் திருநர் அடையாளம் மனநோய்ப் பிரிவிலிருந்து வெளியே எடுக்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகள் துணைநின்றன.

சென்னை உயர் நீதிமன்றத்திலும் இந்தப் பார்வை எதிரொலித்தது. மதுரையிலிருந்து வந்து சென்னையில் அடைக்கலம் தேடிய இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தன் அறியாமையைப் போக்கிக்கொள்ள முதலில் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். பிறகு 2021 ஜூன் 7 அன்று, ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'குணப்படுத்தும்' மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அவ்வகைச் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்குத் தெரிவித்தது. எனவே இனி ஒரு மருத்துவர், 'பையனைக் கொண்டு வாங்க, நாலு சிட்டிங்ல மாத்திடலாம்' என்று சொன்னால், அவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகாரும் கொடுக்கலாம்.